பழைய டீசல் ஃபோர்வீல்: பினாங்கில் வைத்து ஓட்ட எவ்வளவு ஆகும், வீட்டிலேயே எதைப் பார்க்கலாம்?

அப்பா ஓட்டிய பஜேரோ, மாமா விற்றுவிட நினைத்த ஹைலக்ஸ், தெரிந்தவரிடம் மலிவாகக் கிடைத்த டிரைட்டன். பினாங்கில் பல இளைஞர்கள் கைக்கு ஒரு பழைய டீசல் ஃபோர்வீல் இப்படித்தான் வந்து சேர்கிறது. பாலேக் பூலாவ் ஏற்றத்தில் திணறாது. டுரியான் தோட்டத்து மண் பாதையில் இறங்கும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை பக்கம் பந்தல் சாமான் ஏற்றவும் உதவும்.

ஆனால், "டீசல் விலை ஏறிடுச்சு, இனிமே இதை வச்சிருக்கிறது கட்டுப்படி ஆகுமா?" என்ற கேள்வி 2024-க்குப் பிறகு பல வீடுகளில் எழுந்துவிட்டது. வித்துடலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று முடிவெடுக்கும் முன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். டீசல் விலை உங்கள் கையில் இல்லை. ஒரு லிட்டருக்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எந்தப் பழுது எவ்வளவு பெரிதாகிறது என்பவை பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கின்றன.

டீசல் விலையில் என்ன நடந்தது?

2024 ஜூன் 10-ஆம் தேதி முதல் தீபகற்ப மலேசியாவில் டீசலுக்கு எல்லாருக்கும் பொதுவாகக் கொடுக்கப்பட்ட மானியம் நீக்கப்பட்டது. லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னாக இருந்த விலை ஒரே நாளில் 3 ரிங்கிட் 35 சென் ஆனது. அதற்கு முந்தைய நாள் இரண்டாம் நிதியமைச்சர் அமீர் ஹம்சா அஸிஸான் இதை அறிவித்தார். சபா, சரவாக், லாபுவானில் அப்போது பழைய விலையே தொடர்ந்தது.

மானிய டீசல் கடத்தப்படுவதும், தேவையில்லாதவர்களுக்கும் அது போய்ச் சேர்வதும் அரசாங்கம் சொன்ன காரணங்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 400 கோடி ரிங்கிட் மிச்சமாகும் என்றும் சொல்லப்பட்டது. அதன் பிறகு தீபகற்பத்தில் டீசல் விலை உலகச் சந்தையைப் பொறுத்து அவ்வப்போது ஏறி இறங்குகிறது. அதனால் கீழே உள்ள கணக்கில் 3.35 என்பதை ஓர் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டு, நீங்கள் படிக்கும் வாரத்தின் விலையைப் போட்டுப் பாருங்கள்.

உதவித் தொகை எவ்வளவு தூரம் வரும்?

விலை உயர்வைச் சமாளிக்க 'புடி மடானி' திட்டம் கொண்டுவரப்பட்டது. தொடங்கியபோது, தகுதியுள்ள தனிநபர் டீசல் வாகன உரிமையாளருக்கு மாதம் 200 ரிங்கிட் என்று நிர்ணயிக்கப்பட்டது. தனியாகவோ கணவன் மனைவி சேர்ந்தோ ஆண்டு வருமானம் 1 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. 10 ஆண்டுக்குக் குறைந்த ஆடம்பர வாகனங்களுக்குக் கிடையாது. பழைய ஃபோர்வீல் வைத்திருப்பவருக்கு இந்தக் கடைசி நிபந்தனை தடையாக இருக்காது. சிறு விவசாயிகளுக்குத் தனிப் பிரிவும் உண்டு. தொகையும் விதிகளும் மாறக்கூடும் என்பதால் விண்ணப்பிக்கும் முன் அதிகாரபூர்வ தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 120 லிட்டர் தேவை.

- பழைய விலையில் செலவு: 258 ரிங்கிட்
- 3.35 விலையில் செலவு: 402 ரிங்கிட்
- கூடுதல் சுமை: 144 ரிங்கிட்

200 ரிங்கிட் உதவி கிடைப்பவருக்குக் கூடுதல் சுமை முழுவதும் அடங்கி, கையில் 56 ரிங்கிட் மிஞ்சும். உதவி கிடைக்காதவருக்கு ஆண்டுக்கு 1,728 ரிங்கிட் அதிகம். ஒரே வண்டி, ஒரே தூரம். வித்தியாசம் விண்ணப்பத்தில்தான்.

லிட்டருக்கு 1 ரிங்கிட் 20 சென் உயர்வு என்றால் 200 ரிங்கிட் சுமார் 166 லிட்டர் வரை ஈடுகட்டும். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அது மாதம் 1,660 கிலோமீட்டர். லிட்டருக்கு 8 கிலோமீட்டர்தான் கிடைக்கிறது என்றால் 1,330 கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும்.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. வண்டி யார் பேரில் பதிவாகி இருக்கிறதோ அவருக்குத்தான் இந்த உதவி. நீங்கள் ஓட்டினாலும், மானியம் இல்லாத விலைக்கு நீங்களே எண்ணெய் ஊற்றினாலும், கிராண்ட் இன்னும் அப்பா பேரில் இருந்தால் உங்களால் விண்ணப்பிக்க முடியாது. அப்பா தகுதி உள்ளவர் என்றால் அவரே விண்ணப்பிக்கட்டும். இல்லையென்றால் பெயர் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

டீசல் தவிர வேறு என்ன செலவு?

முதலில் டோல். முன்பு காடியை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் போய்வரலாம். 2021-க்குப் பிறகு காடிகளுக்கு அந்த வழி இல்லை. 2023 ஆகஸ்ட்டில் வந்த புதிய ஃபெரிகளிலும் பயணிகள், மோட்டார்சைக்கிள், சைக்கிள் மட்டும்தான். ஆக, பாலம்தான் வழி. பினாங்கு பாலத்தில் தீவுக்கு வரும் திசையில் 5 ரிங்கிட் 74 சென். மாதத்தில் 22 நாள் வேலைக்கு வந்தால் 126 ரிங்கிட் 28 சென். ஆண்டுக்கு 1,500 ரிங்கிட்டைத் தாண்டுகிறது. டீசல் விலை உயர்வுக்கு அருகில் வரும் தொகை இது. ஆனால் டீசலைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அடுத்து சாலை வரி. இது எஞ்சினின் சிசி அளவையும் வாகன வகையையும் பொறுத்தது. சிசி கூடக் கூட வரி வேகமாக ஏறும். எனவே 2.5 லிட்டர் வண்டியா, 2.8 லிட்டர் வண்டியா என்பதை வாங்கும் முன்பே பாருங்கள். 2023 பிப்ரவரி முதல் தனியார் வாகனங்களில் ரோட் டேக்ஸ் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. மைஜேபிஜே செயலியில் இருந்தால் போதும். கண்ணாடியில் ஸ்டிக்கர் இல்லாததாலேயே காலாவதி தேதியை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. கைப்பேசியில் ஒரு நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

மூன்றாவது காப்புறுதி. 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு முழுக் காப்புறுதி தர சில நிறுவனங்கள் தயங்கும், சில கூடுதல் கட்டணம் கேட்கும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மலிவுதான். ஆனால் உங்கள் வண்டி சேதமானால் ஒரு சென்கூட வராது. கோரிக்கை ஏதும் வைக்காமல் இருந்தால் கிடைக்கும் என்சிடி தள்ளுபடி ஐந்து ஆண்டில் 55 விழுக்காடு வரை உயரும். அது வண்டிக்கு உரியது இல்லை, உங்கள் பெயருக்கு உரியது. முழுக் காப்புறுதி எடுக்கிறீர்கள் என்றால் வெள்ளச் சேதத்துக்குத் தனியாகச் சேர்க்க வேண்டுமா என்று கேளுங்கள். 2017 நவம்பர் வெள்ளத்தில் பினாங்கு என்ன பாடு பட்டது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

டீசல் எஞ்சினைப் பெட்ரோல் மாதிரி நினைக்கலாமா?

கூடாது. பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுக்கும். டீசலில் அது கிடையாது. உள்ளே இழுத்த காற்றை எஞ்சின் அவ்வளவு இறுக்கமாக அழுத்துகிறது, அந்த அழுத்தத்தில் காற்று கொதித்துப்போகிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். எனவே டீசல் எஞ்சினுக்கு மூன்று விஷயம் முக்கியம்: சுத்தமான காற்று, சுத்தமான டீசல், சரியான அழுத்தம்.

டீசலைப் பீய்ச்சும் கருவிதான் இன்ஜெக்டர். அதன் துளைகள் மிக மிக நுண்ணியவை. 2000-க்குப் பிறகு பரவிய காமன்ரெயில் எஞ்சின்களில் டீசல் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் போகிறது. உங்கள் டயரில் இருப்பது இரண்டு பாரை ஒட்டித்தான். இந்த இன்ஜெக்டருக்கும் பம்புக்கும் டீசலே மசகு. அதில் தண்ணீரோ தூசியோ கலந்தால் உலோகம் உராய்ந்து தேயும்.

செலவில் இருக்கும் ஏற்றத்தாழ்வு இங்கிருந்துதான் தொடங்குகிறது. டீசல் ஃபில்டர் சில பத்து ரிங்கிட்டில் முடிந்துவிடும். அதை மாற்றாமல் விட்டு இன்ஜெக்டரும் பம்பும் போனால் பேச்சு ஆயிரங்களில்தான்.

பம்பில் இருக்கும் பி10 பழைய வண்டிக்கு ஆகுமா?

2019 முதல் மலேசியாவில் வாகன டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து எடுக்கப்படும் பயோடீசல் கலக்கிறது. அதுதான் பி10. 7 விழுக்காடு மட்டும் கலந்த பி7-உம் சில நிலையங்களில் உண்டு, விலை கொஞ்சம் அதிகம். 2021 ஏப்ரல் முதல் எல்லாமே யூரோ 5 தரம். முன்பு பத்து லட்சத்தில் 500 பங்குவரை இருக்கலாம் என்றிருந்த கந்தகம் 10 பங்காகக் குறைந்தது.

பழைய வண்டிக்கு இதில் நல்லதும் உண்டு, கவனிக்க வேண்டியதும் உண்டு. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் வழவழப்புத் தன்மை குறையும். பயோடீசல் அதை ஓரளவு திருப்பித் தருகிறது. அதே பயோடீசல் காற்றிலிருக்கும் ஈரத்தைச் சாதாரண டீசலைவிட அதிகம் உறிஞ்சும். பல வருடமாகத் தொட்டியில் படிந்த அழுக்கையும் கரைத்துக் கிளப்பும். நீண்ட நாள் நின்றிருந்த வண்டியை மறுபடி ஓட்ட ஆரம்பித்தால், முதல் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. 1990-களின் வண்டிகளில் பம்பின் ரப்பர் சீல்கள் கசிகின்றனவா என்றும் பார்க்கணும்.

வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் தொட்டியை நிரப்பி வையுங்கள். காலி இடம் குறைந்தால் உள்ளே ஈரக் காற்றுக்கும் இடம் குறையும். வண்டியை மாதக்கணக்கில் சும்மா நிறுத்துவது மிச்சம் பிடிப்பது ஆகாது.

வாரம் 10 நிமிடம்: எதைப் பார்க்கணும்?

காலையில், எஞ்சினைத் தொடங்கும் முன், சமதளத்தில் செய்ய வேண்டியது இது.

எஞ்சின் ஆயில். டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கணும். டீசல் எஞ்சினில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும், புகைக்கரிதான் காரணம். நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அளவு குறையாமல் *கூடிக்கொண்டே* போனால்தான் பயப்படணும், டீசல் ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தம். பால் கலந்த காப்பி மாதிரி தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரண்டிலும் வண்டியை ஓட்டாமல் ஃபோர்மேனைக் கூப்பிடுங்கள்.

கூலன்ட். துணைத் தொட்டியில் அளவைப் பாருங்கள். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். குழாய்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உள்ளே துருவும் படிவும் சேரும். வாரா வாரம் அளவு குறைகிறது என்றால் எங்கோ கசிவு. பழைய டீசல் எஞ்சின் அதிகமாகச் சூடானால் சிலிண்டர் ஹெட் வெடிப்பு விடலாம். வெப்பமானி முள் மேலே ஏறும்போது, "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டுவதுதான் அநேகம் எஞ்சின்களுக்கு முடிவு கட்டியிருக்கிறது. ஓரமாக நிறுத்துங்கள், எஞ்சினை அணையுங்கள்.

தரை. நேற்றிரவு நிறுத்திய இடத்தைப் பாருங்கள். கறுப்புச் சொட்டு எஞ்சின் ஆயில். சிவப்பு என்றால் பவர் ஸ்டீயரிங் அல்லது ஆட்டோ கியர் எண்ணெய். பச்சை, இளஞ்சிவப்பு என்றால் கூலன்ட். சுத்தமான தண்ணீர் ஏர்கானில் இருந்து வருவது, அதைப் பற்றிக் கவலை இல்லை.

டயர். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி காற்று அடியுங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பூ தேயாவிட்டாலும் ரப்பர் முதுமை அடையும். ஓரத்தில் வெடிப்புத் தெரிந்தால் மாற்ற வேண்டிய நேரம்.

மாதம் ஒருமுறை: ஒரு மணி நேர வேலை

டீசல் ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு பல வண்டிகளில் இருக்கும். ஒரு கண்ணாடிப் போத்தலைப் பிடித்துக்கொண்டு திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். மேலே இருக்கும் கைப்பம்பை அழுத்தினால் எண்ணெய் இறங்கும். தண்ணீர் கனமானது என்பதால் போத்தலின் அடியில் தனியாக நிற்கும். சுத்தமான டீசல் வரத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் தண்ணீர் நிறைய வருகிறது என்றால் தொட்டியைக் கழுவ வேண்டி வரலாம்.

ஏர் ஃபில்டரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். லேசான தூசியைத் தட்டிவிடலாம், காற்றழுத்தம் கொடுத்தால் உள்ளிருந்து வெளியே, மெதுவாக. காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. பேட்டரி முனைகளில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். டீசல் எஞ்சினைச் சுழற்றப் பெரிய விசை வேண்டும், பலவீனமான பேட்டரி முதலில் காட்டிக்கொடுப்பது காலை நேரத்தில்தான்.

எஞ்சின் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் வீட்டிலேயே மாற்ற முடியும். ஃபோர்வீல் உயரமாக நிற்பதால் பல வண்டிகளில் ஜாக் போடாமலே கீழே நுழையலாம். பழைய 2.5 லிட்டர் எஞ்சின்களுக்கு 6 முதல் 7 லிட்டர்வரை பிடிக்கும். டீசலுக்கென்று குறிப்பிட்ட ஆயிலையே, மேனுவலில் சொன்ன தரத்தில் வாங்குங்கள். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பதும் மேனுவலில் இருக்கும். குறுகிய தூரம், நெரிசல், சுமை என்று ஓட்டுகிறவர்கள் அதற்கு முன்பே மாற்றுவது நல்லது.

வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மலேசியச் சட்டப்படி அது பட்டியலிடப்பட்ட கழிவு. இங்கே சாக்கடை ஆற்றுக்கும், ஆறு கடலுக்கும் போகிறது. பழைய போத்தலில் ஊற்றி, அதை ஏற்றுக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். அடுக்குமாடியில் குடியிருந்தால், காடி நிறுத்துமிடத்தில் இந்த வேலைக்கு அனுமதி உண்டா என்று நிர்வாகத்திடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

புகையின் நிறம் என்ன சொல்கிறது?

கறுப்பு: டீசல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ குழாயில் ஓட்டை, இன்ஜெக்டர் கோளாறு எதுவாகவும் இருக்கலாம். எரியாத டீசல் என்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல்.

வெள்ளை: காலையில் தொடங்கியதும் வந்து மறைந்தால் குளோ பிளக்கைப் பாருங்கள். ஓடும்போதும் விடாமல் வந்து, கூலன்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம்.

நீலம்: எஞ்சின் ஆயில் எரிகிறது. டர்போ, வால்வு சீல் அல்லது பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம்.

கறுப்புப் புகைக்குச் சட்டமும் உண்டு. டீசல் எஞ்சின் புகைக் கட்டுப்பாட்டு விதிமுறைகள் 1996-இன்படி புகையடர்த்தி 50 எச்எஸ்யு அளவைத் தாண்டக் கூடாது. சாலையோரச் சோதனையில் சுற்றுச்சூழல் இலாகா அதை அளந்து அபராதம் விதிக்க முடியும். அதைவிட முக்கியம், உங்கள் பின்னால் மோட்டார்சைக்கிளில் வருபவர் அதைத்தான் சுவாசிக்கிறார்.

பினாங்குக்கே உரிய எதிரி: உப்பும் தண்ணீரும்

தீவில் எங்கே நிறுத்தினாலும் கடல் தூரமில்லை. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து அடிச்சட்டத்தை அரிக்கும். எஞ்சின் போனால் மாற்றலாம், சேசிஸ் போனால் வண்டியே போச்சு. கடற்கரை மணலில் இறங்கினாலோ தேங்கிய வெள்ளத்தைக் கடந்தாலோ அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். சேசிஸ் உத்திரத்தின் உள்பக்கம், பின்பக்க வளைவு, மட்கார்டு மடிப்பு ஆகியவற்றில் மண் தங்கும். தங்கிய மண்தான் துருவை வளர்க்கிறது.

சக்கர அச்சுவரை தண்ணீரில் மூழ்கியிருந்தால் டிஃபரன்ஷியல் எண்ணெயைச் சோதிக்கச் சொல்லுங்கள். பால் நிறமாகியிருந்தால் மாற்றணும். ஏர் ஃபில்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் எஞ்சினைத் தொடங்கவே கூடாது. தண்ணீரை அழுத்த முடியாது. உள்ளே புகுந்தால் பிஸ்டன் தண்டு வளையும். இழுத்துக்கொண்டு போகும் செலவு அதன் முன் ஒன்றுமே இல்லை.

இன்னொன்று. பழைய ஃபோர்வீல்களில் பெரும்பாலானவை தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்துக்கும் விசை தருபவை. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர்வீல் போட்டுத் திரும்பினால் முன்பின் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். மண், சரளை, ஈரப் புல் போன்ற தரையில் மட்டும் போடுங்கள். அதே சமயம் வருடக்கணக்கில் போடாமலே விட்டால் உள்ளே இறுகிவிடும். மாதம் ஒருமுறை மண் தரையில் கொஞ்ச தூரம் ஓட்டினால் எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகும்.

எதை ஃபோர்மேனிடம் விடணும்?

வீட்டில் செய்யக் கூடாத வேலைகளும் உண்டு.

டைமிங் பெல்ட். பழைய பஜேரோ, டிரைட்டன் பலவற்றில் இருக்கும் மிட்சுபிஷி 4டி56 எஞ்சினிலும், 2005-க்குப் பிந்தைய ஹைலக்ஸின் 2கேடி எஞ்சினிலும் ரப்பர் பெல்ட்தான். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பஜேரோவின் 4எம்40, நவாராவின் ஒய்டி25 போன்றவற்றில் சங்கிலி. உங்கள் வண்டியில் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். கடைசியாக எப்போது மாற்றியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு உடனே மாற்றுங்கள்.

உயர் அழுத்த டீசல் குழாய். எஞ்சின் ஓடும்போது கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னக் குத்து மாதிரி தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

பிரேக், ஸ்டீயரிங். தேய்மானத்தைக் கண்ணால் பார்ப்பது உங்கள் வேலை. கழற்றுவது தெரிந்தவர் வேலை.

ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே படுக்கக் கூடாது. சமதளம், ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்குக் கட்டை, இரண்டு ஸ்டாண்டு. இவை இல்லாவிட்டால் அந்த வேலையே வேண்டாம். இவ்வளவு கனமான வண்டி சரிந்தால் யாராலும் தூக்க முடியாது.

பட்டறையில் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். போட்டது புதியதா, ஹாஃப்கட்டில் இருந்து எடுத்ததா என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். இரண்டுமே நியாயமான தேர்வுதான், ஆனால் விலை ஒன்றாக இருக்க முடியாது.

வாங்கப் போகிறவருக்கு

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் காலைத் தொடக்கத்தின் கோளாறு தெரியாது. படுத்து சேசிஸைப் பாருங்கள். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். சேசிஸ் எண் தெளிவாகத் தெரிகிறதா என்பது முக்கியம். பெயர் மாற்றத்துக்கான வாகனச் சோதனையில் அதைத்தான் சரிபார்ப்பார்கள். துரு அந்த எண்ணைத் தின்றிருந்தால் மாற்றமே சிக்கலாகும். பராமரிப்பு ரசீதுகளை வைத்திருக்கும் உரிமையாளரின் வண்டிக்கு சில நூறு ரிங்கிட் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

வைத்துக்கொள்வதா, விற்பதா?

ஒரு நோட்டோ கைப்பேசிக் குறிப்போ போதும். ஒவ்வொரு முறையும் தொட்டியை முழுதாக நிரப்புங்கள். எத்தனை லிட்டர், கிலோமீட்டர் முள் எவ்வளவு என்று எழுதுங்கள். கடந்த முறைக்குப் பிறகு ஓடிய தூரத்தை இந்த முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் உங்கள் வண்டியின் உண்மையான எண் கிடைக்கும்.

அந்த எண் பத்திலிருந்து எட்டுக்கு இறங்கினால் என்ன ஆகும்? மாதம் 1,200 கிலோமீட்டருக்கு 120 லிட்டர் போதும் என்றிருந்தது 150 லிட்டர் ஆகும். 3.35 விலையில் மாதம் 100 ரிங்கிட் 50 சென் கூடுதல். உதவித் தொகையில் பாதி அதிலேயே போய்விடும். காரணம் அடைத்த ஏர் ஃபில்டரோ காற்றிறங்கிய டயரோ ஒட்டிக்கொண்ட பிரேக்கோவாக இருக்கலாம். நோட்டு இல்லாவிட்டால் "டீசல் விலை ஏறிடுச்சு" என்றுதான் நினைப்பீர்கள்.

ஆறு மாதக் குறிப்பு சேர்ந்த பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள். சேசிஸ் உறுதியாக இருக்கிறதா? அடுத்த ஓர் ஆண்டில் வரப்போகும் பெரிய வேலைகளின் மொத்தம் வண்டியின் இன்றைய சந்தை விலையில் பாதியைத் தாண்டுகிறதா? அதன் சுமை தூக்கும் திறனும் ஃபோர்வீலும் உங்களுக்கு மாதத்தில் சில தடவையாவது தேவைப்படுகிறதா?

சேசிஸ் அரித்துவிட்டது என்றால் மற்ற இரண்டையும் கேட்க வேண்டியதில்லை, விற்றுவிடுங்கள். சேசிஸ் உறுதி, ஆனால் வேலைக்கும் மாலுக்கும் மட்டும் போய்வருகிறீர்கள் என்றால் ஒரு சின்னப் பெட்ரோல் காடி உங்களுக்கு மலிவாக முடியும். தோட்டம், கடைச் சரக்கு, கோயில் வேலை என்று வண்டிக்கு உண்மையிலேயே வேலை இருந்தால், நன்றாகப் பராமரித்த பழைய டீசல் ஃபோர்வீலுக்கு ஈடாகப் புதிது வாங்கும்போது மாதத் தவணை எவ்வளவு வரும் என்று பாருங்கள். அதை டீசல் கணக்குக்குப் பக்கத்தில் எழுதுங்கள். கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் அரை நூற்றாண்டுப் பழைய லேண்ட் ரோவர்கள் இன்னும் சுமை ஏற்றிக்கொண்டு போவதற்குப் பின்னாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது.